ரெனி அம்மாவின் ஜெபக் குறிப்புகள்

சங்கரன்கோவில்
9.6.2025

அன்புள்ள தேவமணி மைனிக்கு,

ஸ்தோத்திரம். உங்க மூட்டுவலி இப்ப தேவலையா? பிரேம்சிங் அண்ணனுக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கா? இங்கன நானும் ரெனியும் சுகம். சுகம்னு எழுதிட்டேன். சுகமா இருந்தா இந்தக் கடுதாசி எதுக்குன்னு நீங்களே கேப்பிய.

போன்ல அப்படி அழுதிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கிடுங்க. "அழுவுதவகிட்ட என்னத்தப் பேச? நிதானமா உக்காந்து எழுதி அனுப்பு. நம்ம வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல வைக்கேன்"னு சொன்னிய. ஹெட்மிஸ்ட்ரஸான உங்களுக்கு எழுதுதது பரீட்சைக் கட்டுரை எழுதுத மாதிரி இருக்கு. பிழை இருந்தா செவப்பு மையில வட்டம் போட்டுறாதீங்க.

விஷயம் இதுதான். போன மாசம் நான் ஜாக்கெட் தைச்சுக்கிட்டு இருக்கும்போது ரெனி ஒரு பிரஸ் பட்டனை எடுத்து மூக்குக்குள்ள போட்டுக்கிட்டா. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா அரை நிமிஷத்துல எடுத்துட்டாவ. எடுத்த மறு நிமிஷம் அவ சிரிச்சா. நான்தான் இன்னும் அங்கனயே நிக்கேன். அவ இருமினா எனக்கு நெஞ்சு படபடங்குது. கதவுச் சத்தம் கேட்டா விரல் நசுங்கிட்டுன்னு ஓடுதேன். சத்தமே கேக்கலன்னா அதைவிட வெரசா ஓடுதேன்.

பயம் வந்த கையோட கோவம் வருது மைனி. "ஏட்டி சவத்து மூதி, எங்கன போய்த் தொலைஞ்ச?"ன்னு கத்துதேன். ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட! அது மேசைக்கு அடியில பிஸ்கட்டோட உக்காந்து என்னைப் பாத்து முழிக்கும். எனக்கு அப்பவே செத்துறலாம் போல இருக்கும்.

எங்கம்மா போய் ஆறு வருஷமாச்சு. என் வீட்டுக்காரவுக, அதான் உங்க தம்பி, குவைத்துல இருந்து தினம் பத்து நிமிஷம் வீடியோவுல வாராவ. அந்தப் பத்து நிமிஷமும் நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கேன். தாய் இல்லாத அவுகளை வளத்தது நீங்க. அதான் உங்ககிட்ட சொல்லுதேன். எனக்குப் பொறுமை கிடைக்கணும்னு ஜெபிச்சுக்கிடுங்க.

உங்கள்
ஜாய்லின்


பாளையங்கோட்டை
17.6.2025

கர்த்தருக்குள் பிரியமான ஜாய்லினுக்கு,

மைனி எழுதுவது. நானும் உன் அண்ணனும் அவருடைய கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, அதனால் அதைக் கவனிக்க நேரமில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஏட்டி, இதற்கா இப்படி அழுதாய்? வெட்கப்படாதே. ஆனால் ஒன்று சொல்லுகிறேன், கேள். "கோபம் வருகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நாங்கள் எதற்கென்று ஜெபிப்பது? எங்கள் ஜெபக் குழுவில் ஒரு ஒழுங்கு உண்டு. என்ன செய்தாய், எந்த நாள், எத்தனை தடவை என்று விவரமாக எழுத வேண்டும். அடியில் தேதி போட்டு முழுப் பெயரோடு கையெழுத்துப் போட வேண்டும். ஜெபம் கேட்கப்பட்டதும் அந்தக் குறிப்பின் மேல் "ஸ்தோத்திரம்" என்று எழுதி ஃபைலில் வைப்போம். பதினோரு வருட ஃபைல் என் பீரோவில் இருக்கிறது. உன் பெயரை வெளியே சொல்ல மாட்டேன்.

தம்பி ஜெர்சோனிடம் இதையெல்லாம் சொல்லாதே. அவன் அங்கே வெயிலில் நிற்கிறவன், கேட்டால் உடைந்துபோவான். எல்லாவற்றையும் எனக்கு எழுது, ஒன்றையும் மறைக்காதே. மறைத்தால் ஜெபம் பலிக்காது.

ரெனிக்கு என் முத்தம்.

உன் மைனி
தேவமணி பிரேம்சிங்


சங்கரன்கோவில்
2.7.2025

அன்புள்ள மைனிக்கு,

ஸ்தோத்திரம். நீங்களும் அண்ணனும் நல்லா இருக்கணும். ரெனிக்கு லேசா சளி, மத்தபடி சுகம்.

நீங்க சொன்னபடி கணக்கா எழுதுதேன். சிரிப்பா வருது, ஆனா எழுதுதேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை நாலு தடவை கத்தினேன். செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை. புதன்கிழமை நடந்ததை எழுதவே கை வரல. அவ தையல் மெஷின் பெல்ட்டுக்குள்ள கையை விட்டுட்டா. என் கால் பெடல்ல இருக்கு! ஒரு நொடி பிந்தியிருந்தா விரல் போயிருக்கும். நான் அவ தொடையில ஓங்கி ஒரு அடி வச்சேன். அஞ்சு விரலும் பதிஞ்சிட்டு. அவ அழல மைனி, மூச்சை இழுத்துப் பிடிச்சு என்னையே பாத்தா. அதுக்கப்புறம்தான் வீல்னு கத்தினா. நானும் கூட சேந்து கத்தினேன். கீழ் வீட்டுல இருந்து சங்கரேஸ்வரியக்கா ஏறி வந்து, "என்னட்டி, ரெண்டு பேருல யாரு பிள்ளை?"ன்னு கேட்டா.

அன்னைக்கே மெஷினை மூலை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். அவ தூங்கும்போது மட்டும்தான் தைக்கேன்.

ஒரு வழியும் கண்டுபிடிச்சிருக்கேன். கை ஓங்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் அவளை ஹால்ல பாயில உக்கார வச்சு, முன்னால பாத்திரத்தைப் பரப்பிட்டு, நான் அடுப்படிக்குள்ள போயி கதவைத் தாப்பா போட்டுக்கிடுவேன். ஜன்னல் வழியா அவ தெரிவா. ரெண்டு கையையும் தண்ணிக் குடத்துக்குள்ள விட்டுக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணுவேன். அவ கதவைத் தட்டுவா, "ம்மா, ம்மா"ன்னு அழுவா. அழட்டும். அடி வாங்குததுக்கு அழுகை மேலில்லையா? நூறு முடிஞ்சதும் கதவைத் திறந்து அவளைத் தூக்கி மடியில வச்சுக்கிடுவேன். அப்ப என் கை குளுகுளுன்னு இருக்கும், அவ அதைப் பிடிச்சு கன்னத்துல வச்சுக்கிடுவா.

போன வாரம் இப்படி ஏழு தடவை உள்ள போனேன். அடி ஒண்ணுகூட இல்ல. ஃபைல்ல "ஸ்தோத்திரம்" போடலாம்னு நினைக்கேன்.

இப்படிக்கு
ஜெ. ஜாய்லின்
2.7.2025


பாளையங்கோட்டை
19.7.2025

பிரியமான ஜாய்லினுக்கு,

இங்கு யாவரும் நலம். ரெனியின் சளி விட்டதா? கஷாயம் கொடுத்தாயா?

இப்படித்தான் எழுத வேண்டும். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறாய், கையெழுத்தும் அழகு. "ஸ்தோத்திரம்" போட இன்னும் காலம் இருக்கிறது. தொடர்ந்து எழுது.

சில விவரம் கேட்கிறேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் அதிகபட்சம் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பாய்? பிள்ளை அழும் சத்தம் கீழே கேட்குமா? அந்த சங்கரேஸ்வரியின் போன் நம்பர் அனுப்பு. அவசர ஆபத்துக்கு ஒருவர் நம்பர் என்னிடம் இருப்பது நல்லது.

இரண்டு கவுன் அனுப்பியிருக்கிறேன். ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன். வருகிற வருஷத்துக்கும் ஆகும்.

மைனி


சங்கரன்கோவில்
14.8.2025

அன்புள்ள மைனிக்கு,

ஸ்தோத்திரம். மூட்டுவலிக்கு நீங்க எண்ணெய் போட்டுக்கிடுதியளா இல்லையா? அண்ணனைக் கேட்டதா சொல்லுங்க. கவுன் ரெண்டும் வந்துட்டு. மஞ்சள் கவுனைக் கழத்த மாட்டேங்கா, "அத்த தந்தது"ன்னு தெருவுல போறவுககிட்டயெல்லாம் சொல்லுதா.

நீங்க கேட்டதுக்குப் பதில்: ஒரே ஒரு நாள் பத்து நிமிஷம் உள்ள இருந்தேன், மத்தபடி நூறு எண்ணுத நேரம்தான். சத்தம் கீழ கேக்கும். அக்கா நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன்.

கோயில்ல ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்கு என்ன கூட்டம்ங்கிய! நம்ம தெரு முழுக்க ஜனம். வளையல் வாங்கித் தாரேன்னு ரெனிகிட்ட வாக்கு குடுத்துட்டேன், ஏமாத்தவா முடியும்? ஆனா கூட்டத்துல அவளைத் தொலைச்சிருவேனோன்னு பயம். என் துப்பட்டாவால அவ கையையும் என் கையையும் சேத்துக் கட்டிக்கிட்டேன். அவளுக்கு அது விளையாட்டு. "மாடு, மாடு"ன்னு என்னை இழுத்துக்கிட்டே போனா. வளையல் கடைக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். கூட்டத்துக்குள்ள நின்னு நான் சிரிச்சேன் மைனி! பட்டன் விஷயத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் முதல் தடவை.

இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவைப் பாத்தேன். "இது பைத்தியமில்ல, பதற்றம். நெறைய அம்மாமாருக்கு வாரதுதான்"ன்னு சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தந்தாவ. சாப்பிடுதேன். கதவுச் சத்தத்துக்கு இப்ப ஓடுததில்ல, நடந்துதான் போறேன்.

இந்த மாசம் கத்தினது மொத்தமா மூணு தடவை. அடி இல்ல.

இப்படிக்கு
ஜெ. ஜாய்லின்
14.8.2025


பாளையங்கோட்டை
28.9.2025

பிரியமான ஜாய்லினுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். காலாண்டுத் தேர்வு, வேறு சில வேலைகளும் இருந்தன. நலம். நீயும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அறிந்தேன். அதன் பெயரையும் டாக்டர் சீட்டின் போட்டோவையும் அனுப்பு. இங்கே எனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டுகிறேன்.

நீ களைத்துப்போயிருக்கிறாய். ரெனியைப் பத்து நாள் என்னிடம் விடு. எனக்குக் காலாண்டு விடுமுறை. அண்ணன் சனிக்கிழமை காரோடு வருவார். நீ நன்றாகத் தூங்கி எழும்பு.

மைனி


சங்கரன்கோவில்
4.10.2025

அன்புள்ள மைனிக்கு,

ஸ்தோத்திரம். இதை அண்ணன் கையில குடுத்துவிடுதேன். அவரு கீழ கார்ல காத்துக்கிட்டு இருக்காரு, அதனால நலம் விசாரிக்கக்கூட நேரமில்ல. பத்து நாள் அவளை விட்டுட்டு எப்படி இருக்கப் போறேன்னு தெரியல. ஆனா நீங்க பாசமா கேட்டிய. உங்களுக்கும் வீட்டுல ஒரு பிள்ளைச் சத்தம் வேணும்தானே.

அவளுக்கு தோசை ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும், நடுவுல உள்ளதைத் துப்பிருவா. தூங்குததுக்கு என் பழைய நைட்டித் துணி பைக்குள்ள இருக்கு, அதைத் துவைச்சுறாதீங்க.

அவ கீழ விழுந்து புரண்டு கத்தும்போது நீங்க பதிலுக்குச் சத்தம் போடாதீங்க மைனி. பக்கத்துல கீழயே உக்காந்துருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். கொஞ்ச நேரத்துல அவளே உருண்டு உருண்டு உங்க மடிக்கு வருவா. இதைக் கத்துக்கிட எனக்கு நாலு மாசம் ஆச்சு. உங்களுக்கு ஒரே வரியில சொல்லிட்டேன்.

பதினாலாம் தேதி நானே வந்து கூட்டிக்கிடுதேன்.

ஜாய்லின்


பாளையங்கோட்டை
23.10.2025

பிரியமான ஜாய்லினுக்கு,

ரெனி நலம். இரண்டு தடவை நீ போன் செய்தபோது நான் எடுக்காதது வேண்டுமென்றுதான். பதினாலாம் தேதி நீ புறப்பட வேண்டாம் என்று அண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னதும் நான்தான். இதைப் போனில் பேசினால் நீ அழுவாய்.

உன் ஜெபக் குறிப்புகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஜெர்சோனுக்கு அனுப்பினேன். வாசித்து மிகவும் அழுதான். மனைவி பிள்ளையை அடித்தது, கதவைப் பூட்டிக்கொண்டு கதற விட்டது, கையைத் துணியால் கட்டி இழுத்துப் போனது, பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுவது, எதுவுமே அவனுக்குத் தெரியவில்லை. இத்தனையும் நீ அவனிடம் மறைத்திருக்கிறாய். அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

ரெனி இங்கேயே வளரட்டும் என்று அவன் முடிவு செய்திருக்கிறான். என் பள்ளிக்கூடத்து மழலையர் வகுப்பில் சேர்த்துவிட்டேன். இதில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. பன்னிரண்டு வருடம் கேட்டும் எனக்குக் கொடுக்கப்படாததை நான் யாரிடமிருந்தும் பறிக்க மாட்டேன். பிள்ளையின் நன்மை ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவமணி பிரேம்சிங்


சங்கரன்கோவில்
8.11.2025

தேவமணியம்மாவுக்கு,

மைனின்னு எழுத வாய் வரல. நலமும் கேக்கப் போறதில்ல.

நேத்து வெள்ளிக்கிழமைன்னு தெரிஞ்சுதான் வந்தேன். உங்க ஜெபக் கூட்டத்துக்காரவுக வராண்டாவுல இருந்தாவ. ஒரு அம்மா ஓடி வந்து என் கையைப் பிடிச்சாவ. "நீதான் ரெனி அம்மாவா? கட்டிப்போட்டிருந்த பிள்ளை இப்ப எப்படி இருக்கு பாத்தியா? உனக்காக மூணு வெள்ளிக்கிழமை நாங்க பச்சைத் தண்ணி குடிக்கல"ன்னாவ. அன்பாத்தான் சொன்னாவ. அவுகளுக்கு என் அடுப்படிக் கதவு தெரியுது, குடம் தெரியுது, ரெனி தொடையில இருந்த அஞ்சு விரல்கூடத் தெரியுது. பேரை வெளிய சொல்ல மாட்டேன்னிய!

பிள்ளை தூங்குதுன்னு சொன்னிய. உள்ள இருந்து "ம்மா"ன்னு கூப்பிட்டா. நான் பெத்த பிள்ளையோட சத்தம் எனக்குத் தெரியாதா? நீங்க கேட்டைச் சாத்துனிய. பிரேம்சிங் அண்ணன் தன் செருப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் கத்தினேன். ஆமா, கத்தினேன். தெருவே கூடி நின்னு பாத்துச்சு. பிள்ளையைப் பறிச்சவ வீட்டு வாசல்ல நின்னு பாட்டா படிப்பாவ?

மறைக்கச் சொன்னது நீங்க. மறைச்சது நானாம். உங்க தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், எழுதினது நீதானே, கையெழுத்து உன்னோடதுதானே?"ன்னு கேட்டாவ. ஆமான்னுதான் சொன்னேன்.

சங்கரேஸ்வரியக்காவுக்கு நீங்க போன் போட்டியளாமே. "பிள்ளை அழுவுமா?"ன்னு கேட்டியளாம். அழுவும்னு அவ சொல்லியிருக்கா. எந்தப் பிள்ளைதான் அழாதுன்னு சொல்லுததுக்குள்ள போனை வச்சுட்டியளாம். அக்கா இன்னைக்கு வரைக்கும் தலையில அடிச்சுக்கிட்டு அழுவுதா.

நான் கையை ஓங்கினதை எழுதினேன். ஓங்காம நிறுத்தினதையும் எழுதினேனே, அதை ஒருத்தராவது வாசிச்சியளா? துப்பட்டாவைக் கட்டினது அவளைத் தொலைச்சிரக் கூடாதுன்னு. உங்களுக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

இங்கன ஒரு வக்கீலைப் பாத்திருக்கேன். இந்த வயசுப் பிள்ளை தாய்கிட்டதான் இருக்கணும்னு அவரு சொல்லுதாரு. என் பிள்ளையைத் தாங்க. இல்லன்னா நீங்க நாசமாப் போவிய.

ஜாய்லின்


பாளையங்கோட்டை
1.12.2025

ஜாய்லினுக்கு,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் சாபத்தையும் மற்ற கடிதங்களோடு ஃபைலில் வைத்திருக்கிறேன். நீ கேட்டில் நின்று கத்தியதை அடுத்த வீட்டுப் பையன் வீடியோ எடுத்திருக்கிறான். அது ஜெர்சோனிடமும் இருக்கிறது.

வழக்குப் போட வேண்டுமானால் தாராளமாகப் போடு. வழக்கு முடியும் வரை பிள்ளை இருக்கிற இடத்தில்தான் இருக்கும். அதற்கு எத்தனை வருடம் என்று உன் வக்கீலிடமே கேட்டுக்கொள். அதுவரை இந்த வாசலுக்கு வர வேண்டாம். அதற்குள் அவளுக்கு உன் முகம் மறந்துபோனால் என்னைக் குறை சொல்லாதே.

வழக்கு இல்லையென்றால் மாதம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கலாம். தூக்கக் கூடாது, அழக் கூடாது, பிள்ளையைக் கிளப்பிவிடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போன பிறகு உன் மனநிலையைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். அது திருப்தியாக இருந்தால் அடுத்த மாதம் வரலாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தேவமணி பிரேம்சிங்


சங்கரன்கோவில்
12.1.2026

மதிப்பிற்குரிய மைனி அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் மிகவும் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலியும் அண்ணனுடைய சுகரும் குறைய தினமும் ஜெபிக்கிறேன்.

வக்கீலைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன். நவம்பர் மாதம் நான் எழுதிய கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். அது என் பதற்றத்தில் எழுதியது. இந்த மாதம் நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஒரு தடவைகூட அழவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் அனுமதித்ததற்கு நன்றி. ரெனி வளர்ந்திருக்கிறாள். என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். நீங்கள் திருத்த வேண்டாம். நானும் திருத்தவில்லை.

முற்றத்தில் ஓடும்போது கல் தடுக்கி விழுந்தாளே, முழங்காலில் ரத்தம் வந்தது. அழுவதற்கு வாயைத் திறந்தாள். உடனே உங்களைத் திரும்பிப் பார்த்து, வாயின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். நீங்கள் தலையாட்டும் வரை அந்த விரலை எடுக்கவே இல்லை. கண்ணீர் மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு அடக்கத்தைப் பழக்கியிருக்கிறீர்கள். என்னால் இது முடிந்திருக்காது. மிக்க நன்றி.

நானும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வர அனுமதித்தால், அன்றைக்கும் அவள் விழுந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஜாய்லின்